நான்கு கம்பும் ஒரு டென்னிஸ் பந்தும்: மாசசூசெட்ஸ் ஆட்டம் ஆடுவது எப்படி?

கிரிக்கெட் போல எந்தப் பக்கமும் அடிக்கலாம். அடித்ததும் பேஸ்பால் போல நான்கு இடங்களைச் சுற்றி ஓட வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் ஆடிய ஆட்டம் இது. 1858 மே 13 அன்று டெடம் என்ற ஊரில் கூடி இதற்கு விதிகள் வகுத்தார்கள். நியூயார்க் பாணி பேஸ்பால் பரவியதும் இது மறைந்துபோனது. எனக்கு அதில் வருத்தம்தான். அவ்வளவு விறுவிறுப்பான ஆட்டம்.

முதலில் களம். 60 அடிக்கு 60 அடி சதுரம் அளந்து, மூலைக்கு ஒரு கம்பு நடுங்கள். தரைக்கு மேல் 4 அடி உயரம் இருக்கட்டும். அடிப்பவர் மூலையில் நிற்கமாட்டார். பேஸ்பால் பார்த்துப் பழகியவர்கள் குழம்புவது இங்கேதான். முதல் கம்புக்கும் நான்காம் கம்புக்கும் நட்டநடுவே 4 அடி அகலத்தில் ஒரு வட்டம் போடுங்கள். அதுதான் அவர் இடம். அங்கிருந்து சதுரத்தைப் பார்த்தால் வலப்பக்கம் முதல் கம்பு, இடப்பக்கம் நான்காம் கம்பு.

அடுத்து பந்து. பழைய விதிப்படி தோல் பந்து, எடை சுமார் 57 முதல் 78 கிராம், சுற்றளவு ஆறரை முதல் எட்டரை அங்குலம். டென்னிஸ் பந்தைச் சுற்றி ஒரு நூலை வைத்து அளந்து பாருங்கள், எட்டு அங்குலத்துக்குச் சற்று மேலே வரும். எடையும் சரியாகப் பொருந்தும். கிரிக்கெட் பந்து மட்டும் வேண்டவே வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது. மட்டை உருண்டையாக, இரண்டரை அங்குலத்துக்கு மேல் தடிக்காமல் இருந்தால் போதும்.

அணிக்கு 10 முதல் 14 பேர். வீசுபவர் 35 அடி தள்ளி நின்று, தரையில் குத்தாமல் நேராக எறிவார். எந்தப் பக்கம் பந்து வேண்டும் என்று அடிப்பவரே கேட்கலாம். அடித்ததும் முதல் கம்புக்கு ஓடுங்கள். ஒரே மூச்சில் சுற்ற வேண்டியதில்லை, கம்பைத் தொட்டபடி நின்றுகொள்ளலாம். நான்காம் கம்பைத் தொட்டால் ஒரு புள்ளி. முதலில் 100 எடுக்கும் அணிக்கு வெற்றி.

அவுட் ஆவது எப்படி? அடித்த பந்தைத் தரையில் படாமல் பிடித்தால் அவுட். மூன்றாம் முறை தவறவிட்ட பந்தைப் பின்னால் நிற்பவர் பிடித்தாலும் அவுட். அப்புறம், இந்த ஆட்டத்தின் உயிரே இதுதான்: கம்பைத் தொடாமல் ஓடிக்கொண்டிருப்பவர் மீது பந்தை எறிந்து பட்டால் அவுட், நம் ஏழு கல் ஆட்டம் போலவே. மென்மையான பந்து கேட்டது இதற்காகத்தான். இடுப்புக்குக் கீழே குறிவைக்கச் சொல்லிப் பழக்குங்கள். ஒருவர் அவுட் ஆனாலே மொத்த அணியும் அவுட், மட்டை எதிரணிக்குப் போய்விடும், அதனால் ஒவ்வொரு ஓட்டத்திலும் நெஞ்சு படபடக்கும்.

ஒரு உத்தி: வேகமாக வரும் பந்தை மட்டையின் ஓரத்தால் லேசாகத் தட்டிப் பின்பக்கம் அனுப்புங்கள். பின்னால் ஆள் குறைவாக இருந்தால், பந்து திரும்புவதற்குள் இரண்டாம் கம்பைத் தொட்டுவிடலாம்.