ராத்திரி பன்னெண்டு மணிக்கு மறுவாழ்வு மையம் தேடாதீங்க

மொதல்லயே சொல்லிடுறேன், நான் டாக்டர் கிடையாது. எங்க அக்கா வீட்டுக்காரர், அதாவது எங்க மாமாவ, குடியில இருந்து மீட்டுக் கொண்டு வரணும்னு ரெண்டு வருசம் மதுரைக்குள்ள அங்கிட்டும் இங்கிட்டும் அலைஞ்சவன், அம்புட்டுத்தான். இப்ப என்னாச்சுன்னா தெருவுல இருக்கவங்க, சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு மாசத்துக்கு ரெண்டு பேராச்சும் கேட்டு வர்றாங்க. எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணுதான், “தம்பி, நல்ல எடம் இருந்தா சொல்லு, கொண்டு போயிப் போட்டுரணும்”. இந்த “போட்டுரணும்”ல இருந்துதான் எல்லாத் தப்பும் ஆரம்பிக்குது. நம்ம தேடுறது டாக்டர இல்ல, ஆள அடைச்சு வைக்க ஒரு ரூம. நானும் அதத்தான் தேடுனேன்.

அன்னைக்கு மாமா டிவிய ஒடச்சுட்டாரு, அக்கா புள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துருச்சு, மணி பன்னெண்டு இருக்கும், நான் மாடிப்படியில ஒக்காந்து போன்ல தேடுறேன். மேல வந்த நம்பருக்கு அடிச்சா ஒரே ரிங்குல எடுத்தாங்க. வயசு என்ன, ஆளு ஒடம்பு எப்பிடி, முரண்டு பிடிப்பாரான்னு கேட்டாங்க. என்ன குடிக்கிறாரு, எத்தன வருசமா, சுகர் இருக்கா, வலிப்பு வந்துருக்கா, கடைசியா எப்ப குடிச்சாரு, இதுல ஒண்ணு கூட கேக்கல. “வண்டி அனுப்புறோம் சார், நாலு பசங்க வருவாங்க, நீங்க கதவ மட்டும் தொறந்து விட்ருங்க”ன்னாங்க. ஜிபேல அட்வான்ஸ் போட்டேன். விடியிறதுக்குள்ள மாமாவ கட்டுன லுங்கியோட தூக்கிட்டுப் போயிட்டாங்க, புள்ளைக முழிச்சுப் பாத்துருச்சுக, அது தனிக் கொடுமை.

அந்த எடத்து பேரச் சொல்லப் போறதில்ல. மூணு வாரம் பாக்க விடல, “பாத்தா மனசு எளகிரும் சார்”ன்னாங்க, நாங்களும் சரின்னுட்டோம். போயிப் பாத்தப்ப மாமா கணுக்கால்ல சுத்தி தோலு உரிஞ்சு காஞ்சு போயிருந்துச்சு. என்னன்னு கேட்டேன், பேசவே இல்ல. டாக்டர் வந்தாரான்னு கேட்டதுக்கு மட்டும், “ஒருத்தர் ஒருநா வந்து எட்டிப் பாத்தாரு, டாக்டரான்னு தெரியல”ன்னாரு. வீட்டுக்கு வந்து நாலாவது நாள் மறுபடியும் கடைக்குப் போயிட்டாரு. என்னய ஒரு வருசத்துக்கு மூஞ்சி குடுத்துப் பாக்கல.

அப்பறமாத்தான் விசாரிச்சேன். 2017-ல வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்துல குடி, போதையால வர்ற மனநலப் பிரச்சனையும் மனநோய் கணக்குலதான் வருது. அதனால ஆள உள்ள வச்சு வைத்தியம் பாக்குற எடம் எதுவா இருந்தாலும் மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ணியிருக்கணும். ஒருத்தரச் சங்கிலியில கட்டுறத அந்தச் சட்டம் எந்த வகையிலயும் கூடாதுங்குது. ஆளுக்குச் சம்மதம் இல்லாம சேர்க்கணும்னாலும் நம்ம இஷ்டத்துக்கு நாலு பேர அனுப்பித் தூக்க முடியாது, மனநல டாக்டர் ஒருத்தரும் இன்னொரு நிபுணரோ டாக்டரோ ஒருத்தரும் தனித்தனியா ஆளப் பாத்து, இவர வெளிய விட்டா இவருக்கோ மத்தவங்களுக்கோ ஆபத்துங்கிற மாதிரி நெலம இருக்குன்னு எழுதணும், அதுவும் 30 நாள் வரைக்கும்தான், அதுக்கு மேல வேணும்னா அதுக்கு வேற நடைமுறை. கட்டிப் போடுறது எங்க கொண்டு போயி விடும்னு நம்ம பக்கத்து ஆளுகளுக்குத் தனியாச் சொல்லணுமா என்ன, ராமநாதபுரம் பக்கம் ஏர்வாடியில 2001 ஆகஸ்ட் 6-ந்தேதி வெள்ளன தீப்பிடிச்சப்ப சங்கிலியில கெடந்த 28 பேரு ஓட முடியாம செத்தாங்க.

அதனால போன் பண்ணா மாசம் எவ்வளவுன்னு மட்டும் கேட்டுட்டு வச்சுராதீங்க. பதிவுச் சான்றிதழ் இருக்கா, காட்டுவீங்களா. மனநல டாக்டர் யாரு, எந்தெந்தக் கிழமை வர்றாரு. ராத்திரி நர்ஸ் இருக்காங்களா, வலிப்பு வந்தா எந்த ஆஸ்பத்திரிக்கு கொண்டு போவீங்க. நாங்க எப்ப வந்து பாக்கலாம், அவரு போன்ல பேசலாமா. இத்தனையும் கேட்டதுக்கப்பறம் எதுத்த ஆளு “நம்பிக்க இல்லாட்டி வேற எடம் பாத்துக்கங்க”ன்னு கடுப்பானா வேற எடம் பாத்துக்கங்க. வெறும் பேப்பர்ல கையெழுத்து கேட்டா போடாதீங்க, நான் போட்டேன். நேர்ல போயி ஒரு தடவ எடத்தப் பாக்காம ஆளச் சேர்க்கவே சேர்க்காதீங்க, கல்யாண மண்டபத்துக்கே நாலு தடவ போயிப் பாக்குறோம்ல.

இன்னொரு பெரிய தப்பு இதுக்கு நேர் எதிரானது. எங்கயும் போகாம வீட்டுலயே ஒரே நாள்ல நிப்பாட்ட வைக்கிறது. எங்க மாமா வருசா வருசம் கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போடுவாரு, மலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் தொட மாட்டாரு, அதனால அக்காவுக்கு அந்த மாசம் வந்தாலே நிம்மதி. ஒரு வருசம் அப்பிடித்தான் மாலை போட்டாரு. ஆனா முன்ன மாதிரி ஞாயித்துக்கெழமை குடிக்கிற ஆளு இல்ல இப்ப, தெனம் ரெண்டு குவார்ட்டர், வெள்ளன எந்திரிச்சா கை நடுங்கும், ஒரு கட்டிங் உள்ள போனாத்தான் நிக்கும். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தான் தொறக்கும், ஆனா வெள்ளன ஆறு மணிக்குக் கை நடுங்குறவங்களுக்கு எங்க கெடைக்கும்னு ஊருக்கே தெரியும், அத விடுங்க.

மாலை போட்ட மொத நாள் வேர்த்துக் கொட்டுச்சு, தூக்கம் இல்ல. ரெண்டாவது நாள் சாயங்காலம் பூஜையில ஒக்காந்தவரு கை கால் இழுத்து விழுந்தாரு. கையில சாவியக் குடுத்தாங்க, தண்ணி தெளிச்சாங்க, சாமி குத்தம்னு ஒரு பெரியப்பா சொன்னாரு. மூணாவது நாள் ராத்திரி போர்வையில எறும்பு ஊருதுன்னு ஒவ்வொண்ணாப் பொறுக்கி எடுத்து அக்கா கையில குடுக்குறாரு, அங்க ஒண்ணும் இல்ல. அக்காவையே யாருன்னு கேக்குறாரு. அப்பத்தான் ஆட்டோவப் பிடிச்சு பெரியாஸ்பத்திரிக்கு ஓடுனோம்.

இது சாமி குத்தமும் இல்ல பைத்தியமும் இல்ல, ஒடம்பு சரக்குக்குப் பழகிப் போயி அது திடீர்னு நின்னா வர்றது. டாக்டர் சொன்னத அப்பிடியே சொல்றேன். கடைசியா குடிச்சு ஆறேழு மணி நேரத்துல நடுக்கம், படபடப்பு. வலிப்பு வந்தா பெரும்பாலும் மொத ரெண்டு நாளுக்குள்ள வந்துரும். ரெண்டுல இருந்து நாலு நாளுக்குள்ள நெனவு தடுமாறி இல்லாதது கண்ணுல தெரியிறது, காய்ச்சல், இதுக்கு பேரு டெலிரியம் ட்ரெமன்ஸ், வைத்தியம் பாக்காம விட்டா உயிரே போகும். எல்லாருக்கும் வராது, ஆனா தெனம் குடிக்கிறவரு, காலைலயே குடிக்கிறவரு, முன்னாடி நிப்பாட்டுனப்ப வலிப்பு வந்தவரு, இவங்கள்லாம் டாக்டர் இல்லாம நிப்பாட்டவே கூடாது. டயசிபாம், குளோர்டயசிபாக்சைடு மாதிரி மாத்திரைய அதிகமா ஆரம்பிச்சுப் பையக் கொறச்சுக்கிட்டே வருவாங்க, அஞ்சாறு நாள்ல இந்தக் கண்டம் தாண்டிரும். இத மெடிக்கல்ல நீங்களா வாங்கிக் குடுக்குறதும் தப்புதான், அதுவும் சரக்கும் சேந்தா மூச்சு நின்னுரும்.

குவார்ட்டருங்கிறது கொஞ்சம்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம். 180 மில்லி, அதுல 42.8 சதவீதம் ஆல்கஹால், கணக்குப் போட்டா சுத்தமான ஆல்கஹால் மட்டும் 60 கிராம். ரெண்டு குவார்ட்டர்னா 120. டாக்டர்கிட்ட “கொஞ்சமாத்தான் டாக்டர் குடிப்பாரு”ன்னு வீட்டு மானத்துக்காக கொறச்சுச் சொல்லாதீங்க, நீங்க சொல்ற அளவ வச்சுத்தான் மாத்திரை அளவு போடுவாங்க.

அப்பறம் இந்த குளுக்கோஸ். ஆளு சோந்து கெடந்தா தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போயி “ஒரு பாட்டில் ஏத்தி விடுங்க”ம்போம். ரொம்ப நாளு சோறு சரியாத் திங்காம குடிச்சவங்க ஒடம்புல பி1 வைட்டமின், தயமின்னு சொல்றது, காலியா இருக்கும். அத ஊசியாப் போடாம வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏத்துனா மூளைக்குப் பாதிப்பு வரலாம், ஞாபகமே போயிரும். அதனால எந்த டாக்டர்கிட்டப் போனாலும் தெனம் குடிக்கிற ஆளுன்னு வாயத் தொறந்து சொல்லிடுங்க.

“குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்”னு செவுத்துல, பஸ்ஸுக்குள்ள எல்லாம் ஒட்டியிருப்பான்ல, சாம்பார்ல கலக்குற பொடி. எங்க அக்காவும் வாங்குச்சு. அந்தப் பொட்டலத்துல உள்ள என்ன இருக்குன்னு எழுதியிருக்கவே இல்ல. டாக்டர்ங்க குடுக்குற டைசல்ஃபிராம்னு ஒரு மாத்திரை இருக்கு, அத முழுங்கிட்டுக் குடிச்சா மூஞ்சி செவந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, வாந்தி எடுத்து, பிரசர் எறங்கும். அந்தப் பயத்துல குடிக்காம இருக்கத்தான் அது. கடைசியா முழுங்கி ரெண்டு வாரம் வரைக்கும் கூட அதோட வேல ஒடம்புல இருக்கும். ஆளுக்குத் தெரிஞ்சு, சம்மதிச்சு, இதயம் ஈரல் எல்லாம் டெஸ்ட் பண்ணிப் பாத்துத்தான் குடுப்பாங்க. தெரியாம இத காபில கலந்து குடுக்குற வீடுகளும் இருக்கு, அவரு நேராப் போயி ஒரு குவார்ட்டரப் போட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. இதய நோய் இருந்தா ஆளே போயிரலாம்.

கோயில் விசயத்துல நான் யாரையும் குத்தம் சொல்ல வரல. அழகர்கோயில் பதினெட்டாம்படி கருப்பு முன்னாடி சத்தியம் பண்ணிட்டு அதோட விட்டவங்கள எனக்கே தெரியும். பாண்டி கோயில்ல கயிறு கட்டுங்க, நல்லா கட்டுங்க. ஆனா கட்டுறதுக்கு முன்னாடி அந்த மொத ஒரு வாரத்த டாக்டர்கிட்டக் கடந்துட்டு வந்து கட்டுங்க.

அரசாங்க ஆஸ்பத்திரின்னா மூஞ்சியச் சுழிக்கிறதும் ஒரு தப்பு, நானும் அப்பிடித்தான் இருந்தேன். கோரிப்பாளையத்துக்கிட்ட இருக்கே ராஜாஜி ஆஸ்பத்திரி, பழைய ஆளுக இன்னும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரின்னுதான் சொல்லுவாங்க, அங்க மனநலப் பிரிவு இருக்கு, காசு வாங்க மாட்டாங்க, கூட்டம் இருக்கும், காத்துக் கெடக்கணும், ஆனா வலிப்பு வந்தா மாடி ஏறி எறங்குற தூரத்துல எல்லா டாக்டரும் இருக்காங்க. அந்த வசதி பெரும்பாலான மறுவாழ்வு மையத்துல கெடையாது. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கம் இருக்கவங்க மதுரைக்கு வர்றதுக்கு முன்ன அங்க உள்ள ஜிஹெச்ல மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் எந்தக் கிழமை வர்றாருன்னு கேளுங்க. 2025 பிப்ரவரியில கலங்கரைங்கிற பேர்ல 25 போதை மீட்பு மையம் அரசு ஆஸ்பத்திரிகள்ல தொறந்தாங்க, போறப்ப அதையும் கேட்டுப் பாருங்க. எங்கிட்டுப் போறதுன்னே தெரியலன்னா 14446 போதை மீட்பு உதவி எண், 14416 டெலி மானஸ்ங்கிற அரசாங்க மனநல உதவி எண், ரெண்டும் காசு இல்லாதது, தமிழ்ல பேசலாம். ராத்திரி பன்னெண்டு மணிக்கு யாருக்காச்சும் போன் அடிச்சே ஆகணும்னா 14416-க்கு அடிங்க.

மாத்திரை, ஊசின்னு போற பசங்க கத வேற. டேபென்டடால்னு வலி மாத்திரைய நுணுக்கி ஊசியில ஏத்திக்கிறானுக. குடிக்கு பாக்குற வைத்தியம் இதுக்கு செல்லாது, பியூப்ரினார்ஃபின் மாதிரி வேற மருந்து இருக்கு. இவனுகள ஒரு மாசம் அடைச்சு வச்சுட்டு அப்பிடியே வெளிய விடுறதுதான் பெரிய ஆபத்து, ஏன்னா ஒடம்பு பழக்கம் விட்டுப் போயிருக்கும், பழைய அளவையே மறுபடி ஏத்துனா மூச்சு நின்னுரும். ஒரே ஊசிய நாலு பேரு போட்டிருந்தா எச்ஐவியும் ஹெபடைடிஸ் சியும் டெஸ்ட் எடுத்துரணும். ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸாயிரும்னு பெத்தவங்க பயந்து மறைக்கிறாங்க. போதைப் பொருள் சட்டத்துலயே 64ஏன்னு ஒரு பிரிவு இருக்கு, உபயோகிச்சது, கொறஞ்ச அளவு வச்சிருந்தது மாதிரி கேஸ்ல மாட்டுனவரு தானா வைத்தியத்துக்கு வந்து முழுசா முடிச்சா வழக்குல இருந்து காப்பாத்துறதுக்கு. விக்கிறவனுக்கு இது கெடையாது.

இன்சூரன்ஸ் இருக்குன்னு தனியார்ல சேர்க்குறதா இருந்தா பாலிசிய மொதல்ல படிங்க, குடி போதை வைத்தியத்துக்குக் கெடையாதுன்னு ஒரு வரி பெரும்பாலும் இருக்கும்.

கடைசியா, டிஸ்சார்ஜ் ஆனதும் எல்லாம் முடிஞ்சுன்னு நெனைக்கிறது. நாங்க பிரியாணி போட்டோம். உள்ள இருந்த நாளு சுத்தம் பண்ற நாளு மட்டும்தானாம், நெசமான வைத்தியம் வெளிய வந்துதான் ஆரம்பிக்குதாம். ஆசையக் கொறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட்டுன்னு மாத்திரை இருக்கு, ஆனா அதுக்கு மாசாமாசம் போகணும், கவுன்சிலிங் ஒக்காரணும். ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) மீட்டிங்னு ஒண்ணு, குடிய விட நெனைக்கிறவங்க ஒண்ணாக் கூடிப் பேசுறது, 1935-ல அமெரிக்காவுல ரெண்டு குடிகாரங்க ஆரம்பிச்சது, நம்ம ஊருலயும் தமிழ்லயே நடக்குது, கட்டணம் எதுவும் இல்ல. வீட்டுக்காரங்களுக்கு அல்அனான்னு தனியா இருக்கு. மாமாவ விட அக்காவுக்குத்தான் மொதல்ல அதுல முகம் தெளிஞ்சுச்சு.

மாமா முழுசா விட்டுட்டாரான்னு கேட்டா, நடுவுல ரெண்டு தடவ வழுக்கிட்டாரு. ரெண்டு தடவையும் நாங்க யாரும் வையல, மறுநாள் வெள்ளன ஓபி சீட்டு எடுத்துக்கிட்டு அவரே கெளம்பிட்டாரு. போன வாரம் செல்லூர்ல இருந்து ஒரு அம்மா மகனுக்காக கேட்டு வந்துச்சு, நான் நம்பர் தேடிக்கிட்டு இருக்கேன், மாமா உள்ள இருந்து எட்டிப் பாத்துக் கேட்டாரு, “தம்பி கடைசியா எப்பம்மா குடிச்சாப்ல? வலிப்பு ஏதும் வந்துருக்கா?”