சிம் ரவுட்டரில் குரல் அறுபடாமல் பேச: முன்னுரிமை அமைக்கும் முறை

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தெருவுக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை என்பதால், மச்சு ஜன்னலில் வைத்த சிம் ரவுட்டரை நம்பித்தான் வீடு இருக்கிறது. வேகத்திற்குக் குறைவில்லை. ஆனால், யாராவது கல்யாண வீடியோவைப் பதிவேற்றத் தொடங்கிய மறுநொடியே, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அக்காள் மகளின் பேச்சு துண்டு துண்டாகிவிடும். இதற்காகக் கூடுதல் வேகத் திட்டத்திற்கு மாறுவது பெரும்பாலும் வீண் செலவு.

குற்றம் வரிசையில் இருக்கிறது. கால் கிலோ அல்வா வாங்க வந்தவர், ஐம்பது கிலோ கல்யாண ஆர்டருக்குப் பின்னால் நிற்பதைப் போன்றது இது. ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் ஏறத்தாழ 87 கிலோபிட் வேகமே போதும். ஆனால் ரவுட்டரில் செல்பேசிக் கோபுரத்துடன் பேசும் மோடத்தில் 500 கிலோபைட் (4,000 கிலோபிட்) தரவு முன்னால் காத்திருந்தால், 4 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 4 மெகாபிட்) பதிவேற்ற வேகத்தில் அது தீரவே ஒரு விநாடி பிடிக்கும். ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருப்பதே நல்ல உரையாடலுக்கு ஏற்றது.

முதலில் அளவெடுங்கள். ஒரு சிறு தரவுத் துண்டு (பொதி) போய்த் திரும்பும் நேரத்தை மில்லிவிநாடியில் காட்டும் பிங் கட்டளையைக் கணினியில் ஓடவிட்டு, ஒரு பெரிய கோப்பைப் பதிவேற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டில் 45 ஆக இருந்த எண் 900-ஐத் தொட்டது. பிறகு, கோபுரத்தில் நெரிசல் மிகுந்த இரவு எட்டு மணி முதல் பத்து மணிக்குள் வேகத்தைச் சில நாள் சோதித்து, மிகக் குறைந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விடியற்காலை வேகத்தை நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும்.

அடுத்து, ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறமூல இயங்குதளம் நிறுவிய ரவுட்டரில், வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் தொகுப்பைச் சேர்த்து, இணையம் வரும் இடைமுகத்தைத் தேர்ந்தெடுத்து, அந்தக் குறைந்த வேகத்தில் 85 விழுக்காட்டை கிலோபிட் கணக்கில் எழுதுங்கள். 4 எம்பிபிஎஸ் என்றால் 3400. வேண்டுமென்றே வேகத்தைக் குறைப்பானேன் என்று தோன்றும். வரிசை எங்கே சேர்கிறதோ அங்கேதான் அதை ஒழுங்குபடுத்த முடியும். நாம் சற்று மெதுவாக அனுப்பினால்தான் வரிசை மோடத்தில் சேராமல் நம் ரவுட்டரிலேயே சேரும். பதிவிறக்கத்தில் வரிசை கோபுரத்தின் பக்கம் இருப்பதால், அங்கே பலன் சற்றுக் குறைவு.

வரிசை முறையாக 'கேக்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்; ஒவ்வொரு இணைப்புக்கும் அது தனி வரிசை வைத்து மாறி மாறி அனுப்புவதால், சிறு பொதிகள் பின்தங்குவதில்லை. குரலுக்குத் தனி முன்னுரிமையும் வேண்டுமானால் 'லேயர் கேக்' அமைப்பு, பொதியில் அதன் வகையைச் சொல்லும் டிஎஸ்சிபி குறியைப் பார்த்துப் பிரிக்கும். குரலுக்கு வழக்கமான குறி 46. பல செயலிகள் குறியே இடுவதில்லை என்பதால், தொடக்கத்தில் இதை விட்டுவிடலாம். வைஃபையில் குரலுக்கு முன்னிடம் தரும் டபிள்யூஎம்எம் வசதியை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.

இப்போது பழையபடி பதிவேற்றிக்கொண்டே பிங்கைப் பாருங்கள். எங்களுக்கு 70-க்குள் நின்றது. எண் மீண்டும் ஏறினால், வரம்பை 200 கிலோபிட் வீதம் இறக்கிப் பாருங்கள். பதிவேற்றமே இல்லாத நேரத்திலும் அது உயர்ந்திருந்தால் நெரிசல் கோபுரத்தில் இருக்கிறது. ஜன்னலை மாற்றிப் பார்ப்பதைத் தவிர ரவுட்டரில் செய்ய ஒன்றுமில்லை.