'எனக்கு ஒரு டவுட்' என்று எழுதுவதற்கு முன்

வேலையில் சேர்ந்த புதிதில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் அனுப்பிய அறிக்கையில் ஒரு வரி எனக்குப் புரியவில்லை. விளக்கம் கேட்கலாம் என்று 'ஐ ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் ரிப்போர்ட்' என மின்னஞ்சல் தட்டினேன். மறுநாள் நீளமாகப் பதில் வந்தது. கணக்கை இரண்டு முறை சரிபார்த்தாராம். எந்த எண்ணில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொன்னால் மூலத் தரவையும் அனுப்புவாராம். மனுஷருக்கு மனசு புண்பட்டிருந்தது.

வகுப்பில் எழுந்து கேட்பதும் நமக்குச் சந்தேகம்தான், ஆளை நம்பாமல் இருப்பதும் சந்தேகம்தான். ஆங்கிலத்தில் 'டவுட்' பெரும்பாலும் இரண்டாவதற்கு. புரியாததைக் கேட்க 'கொஸ்டின்' போதும். நமக்குள் பேசும்போது டவுட் செல்லுபடியாகும். வெளியே போகும் கடிதத்தில் வேண்டாம்.

'அஃபெக்ட், எஃபெக்ட்' மாதிரி எழுத்தில் குழப்பும் ஜோடிகளுக்கு அகராதி இருக்கிறது. முன்னது பெரும்பாலும் வினை, பின்னது பெரும்பாலும் பெயர், அவ்வளவுதான். நம்மை உண்மையில் வழுக்கிவிடுபவை வேறு: தமிழில் ஒரே சொல், ஆங்கிலத்தில் இரண்டு மூன்றாகப் பிரிந்து கிடப்பவை.

'கேள்' என்பதையே பாருங்கள். வழி கேட்டேன், பாட்டு கேட்டேன், சத்தம் கேட்டது. முதலாவது 'ஆஸ்க்', இரண்டாவது 'லிசன்', மூன்றாவது 'ஹியர்'. பின்னிரண்டைப் பிரிக்கத் தமிழ் இலக்கணமே கைகொடுக்கும். 'நான் கேட்டேன்' என்று வந்தால் காதுகொடுத்தது நீங்கள்: லிசன். 'எனக்குக் கேட்டது' என்று வந்தால் சத்தம் தானாக வந்து விழுந்தது: ஹியர். போனில் குரல் சரியாக வராதபோது 'ஐ ஆம் நாட் லிசனிங்' என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 'நீ பேசுவதை நான் சட்டை செய்யவில்லை' என்றுதான் எதிர்முனைக்குப் போய்ச் சேரும். 'ஐ கான்ட் ஹியர் யூ' என்பதே சரி.

'ஞாபகம்' இன்னொரு வழுக்குப்பாறை. நமக்கே நினைவிருந்தால் 'ரிமெம்பர்', ஒருவர் நினைவுபடுத்தினால் 'ரிமைண்ட்'. நாளைக்கு ஞாபகப்படுத்து என்பதை 'ரிமெம்பர் மீ டுமாரோ' என்று எழுதினால், ஏதோ கண்ணீரோடு விடைபெறுகிற மாதிரி ஆகிவிடும்.

'கண்டுபிடி' என்பதில் மூன்று ஒளிந்திருக்கின்றன. தொலைந்த சாவியைக் கண்டுபிடிப்பது 'ஃபைண்ட்'. ஏற்கெனவே இருந்து யாருக்கும் தெரியாமல் கிடந்ததை அறிவது 'டிஸ்கவர்'. இல்லாததை உருவாக்குவது 'இன்வென்ட்'. 1895இல் எக்ஸ் கதிர்களை ரான்ட்ஜன் டிஸ்கவர் செய்தார். அவர் பார்க்கும் முன்பும் இயற்கையில் அவை இருந்தன. 1876இல் தொலைபேசிக்குக் கிரகாம் பெல் காப்புரிமை பெற்றது இன்வென்ஷனுக்காக. இந்த இடத்தில் இன்னொரு பள்ளம்: ஃபைண்ட் என்பதன் இறந்தகாலம் 'ஃபவுண்ட்'. அதே ஃபவுண்ட் 'நிறுவு' என்ற பொருளில் தனி வினையாகவும் உண்டு. அதன் இறந்தகாலம் 'ஃபவுண்டட்'. சுயவிவரத்தில் 'ஐ ஃபவுண்ட் எ கம்பெனி' என்று போட்டால், நீங்கள் நிறுவனம் தொடங்கியவர் ஆகமாட்டீர்கள். எங்கோ தேடிப்போய் ஒரு நிறுவனத்தைக் கண்டுபிடித்தவர் ஆவீர்கள்.

கடனில் குழப்பமே வேண்டாம். கொடுப்பவர் 'லெண்ட்', வாங்குபவர் 'பாரோ'. 'எதிர்பார்க்கிறேன்' கொஞ்சம் ஆபத்தானது. 'ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை டுடே' என்பதில் மேலதிகாரியின் அதட்டல் தொனிக்கும். பணிவாகக் கேட்க 'ஹோப்' இருக்கிறது.

நல்லவேளையாக, தமிழே தெளிவாகப் பிரித்துத் தருகிற இடமும் உண்டு. 'திங்கள்வரை' என்றால் 'அண்டில் மண்டே', 'திங்களுக்குள்' என்றால் 'பை மண்டே'. வரை என்றால் செயல் அதுவரைக்கும் நீளும். உள் என்றால் அதற்கு முன்பே ஒருதரம் முடிந்தால் போதும். மனசுக்குள் ஒருமுறை தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டால் இதில் தப்பே வராது. சொல்லிப் பார்க்காமல் 'சப்மிட் இட் அண்டில் மண்டே' என்று அனுப்பினால், திங்கள்வரை ஓயாமல் சமர்ப்பித்துக்கொண்டே இரு என்று அர்த்தம்.