தேய்மானமா, வீக் ஸ்ட்ரைக்கா? ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயை வைத்து ஒரு செய்முறை விளக்கம்

"காசுல இருக்கிற யானை தேய்ஞ்சிருக்கே" என்று கேட்டால், "தேய்மானம் இல்லீங்க, வீக் ஸ்ட்ரைக்" என்று பதில் வரும். அதாவது காசு அடிக்கும்போதே அழுத்தம் போதாமல் உருவம் சரியாக எழும்பவில்லை என்கிறார்கள். பழைய வெள்ளிக் காசு வாங்கும் எல்லோரும் இதைக் கேட்டிருப்பார்கள். சில சமயம் அது உண்மையாகவே இருக்கும். ஆனால் அதை நாமே பார்த்துச் சொல்லத் தெரிய வேண்டும். புழக்கத்துக்கே போகாத காசுக்கும் சட்டைப்பையில் புரண்ட காசுக்கும் விலை வித்தியாசம் அவ்வளவு.

பழக ஏற்றது பிரிட்டிஷ் ஆட்சிக்கால ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய். கோடிக்கணக்கில் அடித்தது, சுலபமாகக் கிடைக்கும். எடை 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம். ராஜா போட்டிருக்கும் அங்கியில் ஒரு குட்டி யானை இருக்கும். 1911இல் வந்த காசில் அது பன்றி மாதிரி தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, 1912இல் திருத்தினார்கள். நமக்கு வேண்டியது திருத்திய யானை.

காசடிக்கும் அச்சில் எது மிக ஆழமான குழியோ, காசில் அதுதான் மிக உயர்ந்த மேடு. அடிக்கும்போது வெள்ளி கடைசியாகப் போய் நிரம்பும் இடமும் அதுதான். அழுத்தம் போதாவிட்டால் அங்கே உருவம் முழுசாக எழும்பாது. கைமாறும்போது முதலில் உரசுவதும் அதே மேடுதான். இரண்டு குறையும் ஒரே இடத்தில் தெரிவதால்தான் இவ்வளவு குழப்பம்.

படி 1: எடை. 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும். வீக் ஸ்ட்ரைக் காசில் வெள்ளி எங்கேயும் போகவில்லை, எழும்பவில்லை, அவ்வளவுதான். அதனால் எடை 11.66க்குப் பக்கத்தில் நிற்கும். நன்றாகக் குறைந்திருந்தால் தேய்மானம். அப்புறம், போலியா என்றும் ஒரு தடவை பாருங்கள். லேசான உரசல் தராசில் தெரியாது, அதனால் எடை சரியாக இருக்கிறதே என்று இங்கேயே நிறுத்திவிடாதீர்கள்.

படி 2: வெளிச்சம். டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஒற்றை பல்பு வைத்த மேஜை விளக்கு போடுங்கள். ரிங் லைட் வேண்டவே வேண்டாம். நாலா பக்கமும் வெளிச்சம் விழுந்து, பார்க்க வேண்டிய நிழலையே அழித்துவிடும். காசின் விளிம்பைப் பிடித்து மெதுவாகச் சாய்த்துச் சுற்றுங்கள். லஸ்டர் (அடித்தபோது வந்த இயல்பான பளபளப்பு) உள்ள காசில் ஒளிக்கீற்று காற்றாடி இறக்கை போலச் சுழன்று வரும். அது மேட்டின் மேல் ஏறும்போது என்ன ஆகிறது என்று கவனியுங்கள். தடையில்லாமல் ஏறி இறங்கினால் நல்ல அறிகுறி. மேட்டில் மட்டும் கீற்று அறுந்து, மங்கிய சாம்பல் நிறத் திட்டு தெரிந்தால் அங்கே உரசல் உண்டு.

படி 3: தட்டையான இடத்தின் மேல்தோல். எனக்குப் பிடிபட நாளான இடம் இது, அதனால் நின்று சொல்கிறேன். பொதுவாக கிரேடிங்குக்கு, அதாவது காசின் தரம் பார்க்க, 5 மடங்கு லென்ஸ்தான் என் தேர்வு. 10 மடங்கில் எல்லாக் காசும் கீறலாகவே தெரியும். ஆனால் இந்தப் படிக்கு மட்டும் 10 மடங்கு வேண்டும்.

அச்சடிக்கும் முன் வெறும் வில்லையாக இருந்தபோதே அதன் மேல் நுண்ணிய கீறல்கள், குழிகள் இருக்கும். அழுத்தம் விழும் இடத்தில் அவை நசுங்கி மறைந்துவிடும், வெள்ளி அச்சைத் தொடாத இடத்தில் அப்படியே தங்கிவிடும். யானையின் முதுகு தட்டையாக இருந்து, அதன் மேல் பொடிக் குழிகளும் சொரசொரப்பும் தெரிந்தால் அது வீக் ஸ்ட்ரைக். தேய்ந்த முதுகில் அந்தச் சொரசொரப்பு இருக்காது. வழவழவென்று, அதன் மேல் திசைக்கொன்றாகப் போகும் மெல்லிய கோடுகளுடன் இருக்கும்.

ஓரத்தையும் பாருங்கள். தேய்மானத்தில் மேடு சீவிவிட்டது போலத் தட்டையாகி, கால்களுக்கு இடையே உள்ள பள்ளம் மட்டும் கூர்மையாக நிற்கும். வீக் ஸ்ட்ரைக்கில் யானை முழுதுமே உப்பி, மழுங்கி, கோடுகள் படிப்படியாகக் கரைந்து போகும்.

படி 4: மறுபக்கம். இந்த ரூபாயைப் பக்கவாட்டில் திருப்பினால் மறுபக்கமும் நேராகவே நிற்கும். இடது ஓரத்தில் பார்த்த இடம் இப்போது வலது ஓரத்தில் இருக்கும். யானைக்கு நேர் பின்னால் உள்ள பூவேலையும் மங்கலாக இருந்தால், இரண்டு பக்கத்துக்கும் வெள்ளி போதவில்லை என்று அர்த்தம். வீக் ஸ்ட்ரைக் கட்சிக்கு அது ஒரு சாட்சி.

படி 5: மற்ற மேடுகள். கிரீடத்தின் முத்துகள், காது, மீசை, புருவம். தேய்மானம் ஒரு இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்துத் தேய்க்காது. யானை மட்டும் மழுங்கி, மீசை முடி தனித்தனியாகத் தெரிந்தால் நான் வீக் ஸ்ட்ரைக் என்றே முடிவு செய்வேன்.

ஒரு உபரித் தகவல். முதல் உலகப் போர்க் காலத்தில் ரூபாய்க்கு வெள்ளி பற்றாமல் போனது. 1918இல் அமெரிக்கா பிட்மேன் சட்டம் போட்டு, 25 கோடிக்கும் மேலான தன் வெள்ளி டாலர்களை உருக்கி இந்தியாவுக்காக பிரிட்டனிடம் விற்றது. கல்கத்தா, பம்பாய் இரண்டு நாணய ஆலைகளிலும் அப்போது அடித்துத் தள்ளினார்கள். அந்த அவசரத்தில் அழுத்தம் போதாமல் போயிருக்கலாம், அதனால் 1918 ரூபாய் கையில் வந்தால் ஸ்ட்ரைக்கைக் கட்டாயம் பாருங்கள்.

பின்சேர்க்கை 1: புளி போட்டுத் தேய்த்த பூஜையறைக் காசில் லஸ்டரே இல்லையே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சரி, அங்கே படி 2 உதவாது. படி 3இன் குழிகளையும் படி 5ஐயும் நம்புங்கள். எந்த முடிவு வந்தாலும் அது கழுவிய காசுதான், யுஎன்சி (புழக்கத்துக்கே போகாத காசு) விலை கொடுக்காதீர்கள்.

பின்சேர்க்கை 2: மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அச்சே பழசாகித் தேய்ந்திருந்தால் எழுத்துகள் பருத்து, விளிம்பை நோக்கி ஓடும் மெல்லிய வரிகள் தெரியும். ஆனால் லஸ்டர் முழுசாக இருக்கும். இதைத் தேய்மானக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பின்சேர்க்கை 3: ஆன்லைனில் வாங்குபவர்கள் போட்டோவை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒற்றை பல்புக்குக் கீழே காசைச் சாய்த்துச் சுற்றும் பத்து விநாடி வீடியோ கேளுங்கள். கொடுக்க மறுத்தால் வெரி ஃபைன் (ஓரளவு தேய்ந்த காசின் தரம்) விலைக்கு மேல் ஒரு ரூபாயும் ஏறாதீர்கள்.