புரூக்கிங்ஸுக்குப் புதிதாக வரும் தமிழர்களுக்கு: நிலம், சாலை, மக்கள்

தெற்கு டகோட்டா மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், மினசோட்டா எல்லையிலிருந்து இருபது மைலுக்குள் அமைந்திருக்கிறது புரூக்கிங்ஸ். இங்கு வரும் தமிழர்களில் பெரும்பாலோர் தெற்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை, பால்வள அறிவியல், மருந்தியல், பொறியியல் ஆகிய துறைகளில் மேற்படிப்புக்காக வருகிறார்கள். மற்றவர்கள் இவ்வூரிலுள்ள தொழிற்சாலைகளில் வேலை கிடைத்து வருபவர்கள். பலரும் கிளம்புமுன் வாடகை எவ்வளவு, குளிர் எவ்வளவு என்ற இரண்டை மட்டுமே விசாரிக்கிறார்கள். ஊருக்குள் எல்லாம் பக்கம், ஊரைத் தாண்டினால் எல்லாமே தூரம் என்பதுதான் இங்கு முதலில் புரிந்துகொள்ள வேண்டிய செய்தி. போக்குவரத்துக்கு என்ன வழி என்று முடிவு செய்த பிறகு வீடு தேடுவதே நல்லது.

முதலில் நிலத்தைப் பற்றி. மேசை போலத் தட்டையான சமவெளியை எதிர்பார்த்து வருபவர்கள், மெல்ல ஏறி இறங்கும் புல்வெளி மேட்டைக் காண்பார்கள். கொட்டோ டே பிரேரி என்று பிரெஞ்சுக்காரர்கள் பெயரிட்ட இந்த மேட்டுநிலத்தின் இருபுறமும் பனியுகத்தில் பனிப்பாறைகள் நகர்ந்து சென்றன. அவை விட்டுச்சென்ற மண்ணும் பள்ளங்களும்தான் இன்றைய வயல்களும் குட்டைகளும். ஊருக்கு வடமேற்கே உள்ள ஓக்வுட் ஏரிகளும் அவ்வாறு உருவானவையே. மேற்கே பிக் சூ ஆறு தெற்கு நோக்கி ஓடி மிசௌரி ஆற்றில் கலக்கிறது. சுற்றிலும் மக்காச்சோளமும் சோயாவும் விளைகின்றன. பண்ணை வீடுகளைக் கவனித்துப் பார்த்தால், பெரும்பாலும் வடக்கிலும் மேற்கிலும் மட்டும் மரங்கள் நெருக்கமாக வரிசைகட்டி நிற்பது தெரியும். அவை அழகுக்காக நட்டவை அல்ல, வடமேற்கிலிருந்து வீசும் குளிர்காற்றைத் தடுப்பதற்காக நட்டவை. வீடு பார்க்கும்போது நீங்களும் வாசலும் பெரிய சன்னல்களும் எந்தத் திசையில் இருக்கின்றன என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது வீண்வேலை ஆகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க அரசு இந்த நிலத்தை ஒரு மைலுக்கு ஒரு மைல் என்ற சதுரங்களாக அளந்து பிரித்தது. அதனால் ஊருக்கு வெளியே ஏறத்தாழ ஒவ்வொரு மைலுக்கும் ஒரு சாலை நேர்க்கோட்டில் குறுக்கிடுகிறது. நாட்டுப்புற முகவரிகளில் வடக்கு–தெற்காகச் செல்பவை அவென்யூ, கிழக்கு–மேற்காகச் செல்பவை ஸ்ட்ரீட்; அவென்யூ எண்கள் நானூற்றுச் சொச்சத்திலும் ஸ்ட்ரீட் எண்கள் இருநூற்றுச் சொச்சத்திலும் இருக்கும். எண்ணைப் பார்த்தே இன்னும் எத்தனை மைல் என்று கணக்கிட்டுவிடலாம். ஊருக்குள்ளும் இதே ஒழுங்குதான், ஆனால் எண்கள் வேறு, அவை சிறியவை. ஆறாவது ஸ்ட்ரீட்டும் ஆறாவது அவென்யூவும் தனித்தனிச் சாலைகள் என்பதால், முகவரி கேட்கும்போது எண்ணோடு நிறுத்திக்கொள்ளாமல் ஸ்ட்ரீட்டா அவென்யூவா என்றும், தெற்கு என்ற ஒட்டு உண்டா என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஆறாவது ஸ்ட்ரீட்தான் ஊரின் முதன்மைச் சாலை. பழைய கடைத்தெருவான மெயின் அவென்யூவையும், பல்கலைக்கழகத்தை ஒட்டிச் செல்லும் மெடரி அவென்யூவையும் வெட்டிக்கொண்டு, கிழக்கே ஐ-29 நெடுஞ்சாலை வரை அது செல்கிறது.

மெடரி என்பது இவ்வூருக்கு முன்பே இருந்த ஒரு குடியிருப்பின் பெயர். 1879-இல் ரயில்பாதை போட்டபோது, நிறுவனம் மெடரியை விட்டுவிட்டுப் புரூக்கிங்ஸ் வழியாகத் தண்டவாளத்தைக் கொண்டுசென்றது. மெடரியில் இருந்த வணிகர்கள் புதிய ஊருக்குக் குடிபெயர, பழைய ஊர் மறைந்தது. அப்படி ரயிலால் பிறந்த ஊரில் இன்று சரக்கு ரயில் மட்டுமே ஓடுகிறது. புரூக்கிங்ஸில் மட்டுமன்று, தெற்கு டகோட்டா மாநிலம் முழுவதிலுமே ஆம்டிராக் பயணிகள் ரயில் கிடையாது. சென்னையிலிருந்து ரயில் இணைப்பைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

நகரப் பேருந்தையும் நம் ஊர் நினைப்போடு தேடக்கூடாது. நிறுத்தத்தில் நின்றால் வந்து ஏற்றிச்செல்லும் வழித்தடப் பேருந்துக்குப் பதிலாக, முன்கூட்டியே பதிவு செய்தால் வீட்டு வாசலுக்கு வந்து, வழியில் வேறு சிலரையும் ஏற்றிக்கொண்டு, சொன்ன இடத்தில் இறக்கிவிடும் சிறு பேருந்துகளைப் புரூக்கிங்ஸ் வட்டாரப் போக்குவரத்து ஆணையம் இயக்குகிறது. கடைக்கும் மருத்துவரிடமும் போவதற்கு இது போதும். நினைத்த நேரத்தில் கிளம்புகிறவர்களுக்கு உதவாது. ஆகவே வண்டி இல்லாத முதல் சில மாதங்களுக்கு, வாடகை சற்றுக் கூடினாலும் வளாகத்திலிருந்து நடந்து போகும் தொலைவிலேயே வீடு எடுப்பது என் பரிந்துரை. ஊரின் தெற்கு ஓரத்தில் மலிவாகக் கிடைத்தது என்று எடுப்பவர்கள் ஆகஸ்டில் மகிழ்ச்சியாக நடப்பார்கள். டிசம்பரில், ஒரு மைல் நடப்பதற்குள் கண்ணிமை மயிரில் மூச்சுக்காற்றே பனியாக உறையும்போது, மிச்சம் பிடித்த வாடகையின் மதிப்பு தெரிந்துவிடும். மிதிவண்டி ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை நன்றாகப் பயன்படும்.

வெளியூர் செல்வதற்கு ஐ-29 நெடுஞ்சாலைதான் உயிர்நாடி. புரூக்கிங்ஸின் முக்கிய வெளிவழி (எக்ஸிட்) எண் 132. இந்த எண்கள் மாநிலத்தின் தெற்கு எல்லையிலிருந்து அளந்த மைல்கள் என்பதால், எண் 77-இல் மாநிலத்தின் மிகப் பெரிய நகரமான சூ ஃபால்ஸ் வருகிறது என்றால் தூரம் 55 மைல் என்று மனத்திலேயே கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். வேக வரம்பு மணிக்கு 80 மைல். அதற்கு மேல் போவோரையும் காண்பீர்கள், பின்தொடர வேண்டாம். விமானம் ஏறவும் இறங்கவும் பெரும்பாலோர் செல்வது சூ ஃபால்ஸுக்குத்தான். புரூக்கிங்ஸ் விமான நிலையத்தில் பயணிகள் சேவை இல்லை. மினசோட்டாவிலுள்ள மினியாபொலிஸில் இறங்கினால் கட்டணம் குறையக்கூடும், ஆனால் அங்கிருந்து இருநூறு மைலுக்கு மேல் சாலைவழி வர வேண்டும். ஜெஃபர்சன் லைன்ஸ் பேருந்து உண்டு என்றாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய நடைகளே என்பதால், விமானச் சீட்டு எடுக்கும் முன்பே பேருந்து நேரத்தைப் பார்த்துவிடுங்கள். நள்ளிரவில் வந்திறங்குவோரை அழைத்துவர மூத்த மாணவர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை, அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். ஒரே மாநிலம்தானே என்று மேற்குக் கோடியிலுள்ள ரேப்பிட் சிட்டிக்கும் ரஷ்மோர் மலைக்கும் ஒரு நாளில் போய்த் திரும்பலாம் எனக் கணக்குப் போடுவதும் நடக்கிறது. ஒருவழிப் பயணமே 350 மைலுக்கு மேல். மிசௌரியைக் கடந்த பின் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்தள்ள வேண்டும்.

எனவே கார் வாங்குவதைத் தள்ளிப்போடலாமே தவிர, தவிர்க்க முடியாது. வந்த வாரமே அவசரப்பட்டு வாங்க வேண்டாம். நவம்பருக்குள் வாங்கி, உறைபனி தொடங்கும் முன்பே ஓட்டிப் பழகிவிடுவது நல்லது. உரிமத்துக்குக் கடவுச்சீட்டு, குடிவரவு ஆவணங்கள், முகவரிச் சான்றுகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் தங்க அனுமதிக்கப்பட்ட காலத்தை ஒட்டியே உரிமத்தின் காலமும் அமையும். காப்பீடு இன்றி வண்டி ஓட்டுவது சட்டப்படி குற்றம். பழைய காராக இருந்தால் முதலில் பேட்டரியைச் சோதிக்க வேண்டும், ஏனெனில் சுழியத்துக்குக் கீழே இருபது பாகை செல்சியஸில் வலுவிழந்த பேட்டரி காலையில் ஒரு முனகலோடு நின்றுவிடும். வண்டியில் ஜம்பர் கேபிள், சிறு மண்வாரி, கண்ணாடியிலுள்ள பனியைச் சுரண்டும் கருவி, கம்பளி, கைப்பேசி மின்னூட்டி, கொஞ்சம் மணல் ஆகியவை குளிர்காலம் முழுதும் கிடக்கட்டும்.

இங்கே பனி பெய்வதை விட, பெய்த பனி காற்றில் கிளம்பிச் சாலையை மறைப்பதுதான் ஆபத்தானது. வானம் நீலமாக இருக்கும். தரையோடு தரையாக வெள்ளைப்புகை ஓடும். முன்னால் போகும் லாரியின் விளக்கு திடீரென்று மறைந்துவிடும். பனிப்புயலின்போது நெடுஞ்சாலையின் ஏறுபாதைகளை ரயில்வே கேட் போன்ற கம்பிகளால் அடைத்துவிடுவார்கள். அப்போது சுற்றுச்சாலை தேடி வயல்வழிச் சரளைச் சாலையில் நுழைவது ஆபத்தை நாமே தேடிப்போவதாகும். கிளம்புமுன் 511 எண்ணிலோ அதன் செயலியிலோ சாலை நிலவரத்தைப் பார்ப்பது இவ்வூர்க்காரர்களின் வழக்கம். எங்காவது சிக்கிக்கொண்டால் வண்டியை விட்டு இறங்கி நடக்கவே கூடாது; இஞ்சினை இடையிடையே மட்டும் ஓட்டி, அதற்கு முன் புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பார்த்து, சன்னலைச் சற்றுத் திறந்துவைத்து உதவிக்குக் காத்திருக்க வேண்டும். குழாய் அடைபட்டால் நச்சுவாயு வண்டிக்குள் புகுந்துவிடும். நகராட்சி பனி எச்சரிக்கை அறிவிக்கும் நாட்களில் தெருவில் வண்டியை நிறுத்திவைத்தால் அபராதம் கட்ட நேரும்.

மக்கள்தொகைக்கு வருவோம். 2010-இல் 22,056 ஆக இருந்தது 2020 கணக்கெடுப்பில் 23,377 ஆனது. நமக்கு இது ஒரு பேரூராட்சி அளவு. இங்கோ மாநிலத்தின் நான்காவது பெரிய நகரம். தமிழ்நாட்டைப் போல் ஒன்றரை மடங்கு பரப்புள்ள தெற்கு டகோட்டாவில் 2020-இல் இருந்தவர்கள் 8,86,667 பேர்தாம். பல்கலைக்கழகத்தில் மட்டும் பதினோராயிரத்துக்கும் அதிகமானோர் படிப்பதால், ஊர் இளமையாகவும் பருவத்துக்கேற்ப நிரம்பிக் காலியாவதாகவும் இருக்கிறது. மே மாதம் தேர்வு முடிந்ததும் தெருக்கள் வெறிச்சோடும். கோடையில் அறை மாற்ற நினைப்பவர்களுக்கு அதுவே பேரம் பேசும் காலம். மின்னணு அறிவிப்புப் பலகைகள் செய்யும் டாக்ட்ரானிக்ஸை 1968-இல் இப்பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இருவர் தொடங்கினார்கள். அந்நிறுவனமும், 2024-இல் 3எம்மிலிருந்து பிரிந்த சால்வென்டம் நிறுவனத்தின் ஆலையும், 2014-இல் திறந்த பெல் பாலாடைக்கட்டி ஆலையும் மாணவர் அல்லாதோரை இங்கே நிறுத்திவைக்கின்றன. மக்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். சுற்றுவட்டப் பால்பண்ணைகளில் ஸ்பானிய மொழி பேசுவோர் பலர் வேலை செய்கிறார்கள். எதிரே வருபவர் முன்பின் தெரியாதவராயினும் வணக்கம் சொல்வார், சரளைச் சாலையில் எதிர்ப்படும் ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துவார்; அதற்குப் பதிலாக நீங்களும் விரலை உயர்த்தினால் போதும்.

அன்றாடக் காய்கறி, அரிசி, பால் ஊரிலுள்ள வால்மார்ட்டிலும் ஹை-வீயிலும் கிடைக்கும். புளி, உளுந்து, கறிவேப்பிலைக்குப் பெரும்பாலும் சூ ஃபால்ஸ் போக வேண்டியிருக்கும். நான்கைந்து பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை ஒரே காரில் போய்வந்தால் எரிபொருள் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். பொங்கல் விழாவுக்கும் தமிழ் வகுப்புக்கும் ஏங்குபவர்களுக்கு மினசோட்டா தமிழ்ச் சங்கமும், மினியாபொலிஸை அடுத்த மேப்பிள் குரோவிலுள்ள இந்துக் கோயிலும் இருக்கின்றன. பொங்கல் ஜனவரியில் வருவதால், அந்தப் பயணத்துக்கு ஒரு நாள் கூடுதலாக விடுப்பு எடுத்துக்கொண்டு, திரும்பும் வழி அடைபட்டால் இரவு தங்குவதற்கு இடமும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.