தலை இடிக்காத லைட் வெயிட் டென்ட்: நாமளே டிசைன் பண்றது எப்படி

டென்ட்னாலே எல்லாரும் முதல்ல பாக்குறது உயரத்தைத் தான். 110 செ.மீ.னு போட்டிருப்பாங்க, நாம உக்காந்தா 88, 90 தானே வருவோம், தாராளமா பத்தும்னு தோணும். உள்ள போய் உக்காந்தா உச்சி துணில உரசும், ரெண்டு பேர்னா ஒருத்தர் நிமிர்ந்து உக்கார இன்னொருத்தர் படுத்தே ஆகணும். ஏன்னா அந்த 110 இருக்கறது ஒரே ஒரு புள்ளில, மிஞ்சிப்போனா ஒரு கோட்டுல. அதனால உயரம் எவ்ளோங்கிறதை மறந்துடுங்க, உக்காந்த தலை எந்த உயரத்துல இருக்கோ அந்த உயரத்துல டென்ட் எவ்ளோ அகலம் இருக்குன்னு மட்டும் பாருங்க. மொத்த டிசைனும் அந்த ஒரு நம்பர்ல இருந்து தான் ஆரம்பிக்கணும்.

முதல்ல உங்களை அளங்க. தரைல உக்காந்து சுவத்துல முதுகைச் சாச்சு உச்சந்தலைல ஒரு புத்தகத்தை வெச்சு சுவத்துல கோடு போடுங்க. 88 செ.மீ. வந்துச்சுன்னு வைங்க, காத்தடிச்ச படுக்கை ஒரு 7 செ.மீ. தூக்கும், ஆக மொத்தம் 95. இதை மறந்துட்டு தான் நிறைய பேர் கோட்டை விடறாங்க, படுக்கை தடிமனா ஆக ஆக தலைக்கு மேல இருக்கற இடம் அப்படியே குறையுது.

இப்ப கணக்கு. ரெண்டு பேர் படுக்க 130 செ.மீ. அகலத் தரை, 110 உயரம், சாதாரண முக்கோண டென்ட்னு எடுத்துக்கங்க. 95 உயரத்துல அதோட அகலம் வெறும் 18 செ.மீ. ஒரு மண்டைக்கே பத்தாது. சரி, உயரத்தை 130 ஆக்கிடலாம்னு தோணும் இல்லையா, அப்பவும் 35 தான் வரும். அதுக்குப் பதிலா உயரத்தை 110லயே விட்டுட்டு முகட்டுல குறுக்க 60 செ.மீ. குச்சி ஒண்ணை வெச்சுப் பாருங்க, கூர்முனை போய் மேல தட்டையா ஆயிடும், 95 உயரத்துல அகலம் கிட்டத்தட்ட 70. ரெண்டு பேர் தோளோட தோள் உரசி உக்காந்தா தலைக்கும் தலைக்கும் நடு இடைவெளி 45, அதுல தலையோட அகலத்தையும் சேத்தா 61, 62 வரும். பத்திடுது.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் என்னன்னா, 130 உயர முக்கோணத்துக்கும் 110 உயரத்துல குச்சி வெச்ச டென்ட்டுக்கும் ஒரு பக்கத் தரைல இருந்து மேல போய் மறுபக்கத் தரை வரைக்கும் துணி நீளம் ஒண்ணே தான், ரெண்டுமே 291 செ.மீ. அதே துணி, ஆனா இடம் ரெண்டு மடங்கு, அதோட 20 செ.மீ. குட்டையா இருக்கறதால காத்துக்கும் கம்மியாத்தான் மாட்டும். கடைல வர்ற பிக் ஆக்னஸ் காப்பர் ஸ்பர் மாதிரி டென்ட்லயும் உச்சில குறுக்க ஒரு குட்டி போல் (டென்ட்டைத் தாங்கற குச்சி) போறதைப் பாத்திருப்பீங்க, அதுவும் இதே வேலைக்குத் தான்.

அடுத்து, உச்சியை எங்க வெக்கிறது? நிறைய பேர் தலையணைக்கு நேர் மேல வெக்கணும்னு நினைக்கிறாங்க. ஆனா படுத்துட்டு எழுந்து உக்காரும்போது இடுப்பு அதே இடத்துல தான் இருக்கும், தலை மட்டும் ஒரு கால் வட்டம் அடிச்சு இடுப்புக்கு நேர் மேல வந்து நிக்கும். தலை மாட்டுச் சுவர்ல இருந்து 20 செ.மீ. தள்ளிப் படுத்திருக்கீங்கன்னா இடுப்பு இருக்கறது 108வது செ.மீ.ல. அப்ப உயரம் வேணுங்கிறது கிட்டத்தட்ட டென்ட்டோட நடுவுல. அது மட்டும் இல்ல, அந்தக் கால் வட்டத்துல பாதி எழுந்த நிலைல தலை சுவர்ல இருந்து 46 செ.மீ. தூரத்துல 69 உயரத்துல இருக்கும். தலை மாட்டுச் சுவர் தரைல இருந்தே சாஞ்சு போய் 95வது செ.மீ.ல 110 உயரத்தைத் தொடுதுன்னா, அந்த 46ல அதோட உயரம் 53 தான், ராத்திரி எழுந்திரிக்கும் போதெல்லாம் ஈரத்துணி மூஞ்சில அடிக்கும். இதுக்கு வழி, தலை மாட்டு மூலை ரெண்டுலயும் 40 செ.மீ. குட்டிக் குச்சியை நேரா நிக்க வெச்சு சுவர் அங்க இருந்து சாயற மாதிரி பண்றது, அப்ப அதே இடத்துல 74 கிடைக்கும், தலை தப்பிச்சுது. கால் மாட்டுல 35 போதும், ஸ்லீப்பிங் பேக் நுனி துணில படாம இருந்தா சரி. இடுப்புக்கு நேர் மேல அப்பவும் 102 இருக்கு, நமக்கு வேண்டியது 95.

ஆக நம்ம டென்ட்: தரை 220க்கு 130. தலை மாட்டுல இருந்து 95 செ.மீ. தள்ளி ஒரு வளைவு, அதுக்கு ரெண்டு ட்ரெக்கிங் போல் (மலை ஏறும்போது கைல ஊணிக்கற கோல்), மேல 60 செ.மீ. குறுக்குக் குச்சி. நாலு மூலைலயும் குட்டிக் குச்சி. இது ஒத்தை லேயர் கணக்கு, உள்ள தனியா மெஷ் (வலைத்துணி) தொங்கவிடணும்னா வெளித்துணியை எல்லாப் பக்கமும் ஒரு 8 செ.மீ. பெருசாக்கிக்கங்க.

ட்ரெக்கிங் போலை நட்ட நடுவுல நிறுத்தாதீங்க, இடத்தைத் திங்கும். கால் ரெண்டும் தரையோட ரெண்டு ஓரத்துல, தலை ரெண்டும் குறுக்குக் குச்சியோட ரெண்டு முனைல, சுவத்தோட ஒட்டியே சாஞ்சு நிக்கணும். ஒவ்வொண்ணும் 115 செ.மீ. நீளம் வேணும், அட்ஜஸ்ட் பண்ற போல் பெரும்பாலும் அந்த அளவுக்கு வரும். சாஞ்சு நிக்கறதால காலு வெளிப்பக்கமா வழுக்கப் பாக்கும், அதனால தரைக்கு அடில குறுக்க 130 செ.மீ. நாடா ஒண்ணைத் தச்சு ரெண்டு முனைலயும் போல் கைப்பிடி உக்கார்ற மாதிரி ஒரு பாக்கெட் வெச்சிடுங்க. கைப்பிடி கீழ, கூர்முனை மேல. குறுக்குக் குச்சி போற பை முகட்டுத் துணிலயே தச்சிருக்கணும், பையோட ரெண்டு முனைலயும் கெட்டி நாடால ஐலெட் (ஓட்டையைச் சுத்திப் போடற வளையம்) அடிச்சு அதுக்குள்ள கூர்முனையை மாட்டினா போதும். இந்த வளைவு பக்கவாட்டுல சாஞ்சு படுத்துடாம இருக்க ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கயிறு கட்டாயம், அதுல கஞ்சத்தனம் பண்ணக்கூடாது.

டோம் டென்ட் பண்ணக்கூடாதான்னு கேப்பீங்க. பண்ணலாம், ரெண்டு போல் குறுக்க போனாலே தானா நிக்கும், பாறை மேல கூட போடலாம். 1975ல தி நார்த் ஃபேஸ் ஓவல் இன்டென்ஷன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, கட்டட வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரோட ஜியோடெசிக் (முக்கோணச் சட்டங்களைச் சேத்துக் கோளமாக் கட்டற) ஐடியாவை வெச்சு போல் பல இடத்துல ஒண்ணை ஒண்ணு வெட்டற மாதிரி செஞ்சது, காத்துக்கு அசையாது, சுவரும் செங்குத்தா வரும். ஆனா போல் கூடக்கூட எடையும் கூடும், மாட்டற நேரமும் கூடும். எப்படியும் கைல ட்ரெக்கிங் போல் எடுத்துட்டுத் தான் போறீங்கன்னா டென்ட்டுக்குன்னு தனியா போல் சுமக்கறது வேஸ்ட், இது என் கட்சி. டான் டர்ஸ்டன்னு ஒரு டென்ட் டிசைனரோட எக்ஸ்-மிட் டென்ட்ல ரெண்டு போலையும் நடுக்கோட்டுல வெக்காம கோணலா எதிரெதிர்ப் பக்கம் தள்ளி வெச்சிருப்பாங்க, அதுவும் நல்ல வழி தான், பாத்துக் கத்துக்கங்க.

துணி வெட்டறதுக்கு முன்னாடி மாடல் பண்ணாம விடாதீங்க. பத்துல ஒரு பங்கு அளவுல அட்டை, ஊதுபத்திக் குச்சி, நூல் வெச்சுப் பண்ணினா ஒரு மணி நேர வேலை. அப்பத்தான் ஒரு விஷயம் கண்ணுல படும்: பக்கச் சுவர் வளைவுகிட்ட சாஞ்சிருக்கு, மூலைகிட்ட நேரா நிக்குது, இந்த ரெண்டையும் ஒரே துண்டா மூடப் பாத்தா பேப்பர் முறுக்கிக்கும். நாலு மூலையும் ஒரே தளத்துல இல்லாத துண்டு இறுக்கி இழுத்தாலும் சுருக்கம் போகாது, காத்துல படபடன்னு அடிச்சுட்டே இருக்கும். அதை முக்கோணங்களாப் பிரிச்சிடுங்க, முக்கோணம் எப்பவும் தட்டையா நிக்கும். ஆனா ரொம்பப் பிரிச்சா தையல் கூடும், தையல் கூடினா எடையும் ஒழுகலும் கூடும், அதனால பக்கத்துக்கு மூணு துண்டுக்கு மேல போகாம பாருங்க. அப்புறம் நிஜ அளவுல கயிறு கட்டி, பழைய பெட்ஷீட்டைப் போத்தி, படுக்கையும் போட்டு உள்ள படுத்து எழுந்து பாருங்க. சட்டை மாத்திப் பாருங்க, கை தூக்கும்போது எங்க இடிக்குதுன்னு அப்ப தெரியும்.

துணில மூணு சாய்ஸ். சில்நைலான், அதாவது சிலிக்கான் பூசின நைலான், லேசு, நல்லா கெட்டி, ஆனா நைலான் தண்ணி குடிக்கும், மழைல தொய்ஞ்சு போகும், ராத்திரி எழுந்து கயிறை இறுக்கணும், தொய்ஞ்ச துணி நாம கஷ்டப்பட்டுச் சேத்த தலை இடத்தையும் திருடிடும். சில்பாலி, அதாவது சிலிக்கான் பூசின பாலியெஸ்டர், கிழிசலுக்குக் கொஞ்சம் கம்மி தான், ஆனா ஈரத்துல அவ்வளவா தொய்யாது. டைனீமாங்கிற உறுதியான நார் வெச்சுச் செஞ்ச டைனீமா கம்போசிட் துணி எல்லாத்தையும் விட லேசு, நீளவே நீளாது, ஆனா விலை ரொம்ப ஜாஸ்தி, தையலுக்குப் பதிலா டேப் போட்டு ஒட்டணும், அளவுல துளி தப்பு வந்தாலும் இழுத்துச் சமாளிக்க முடியாது. முதல் டென்ட்டுக்கு 20 டெனியர் (டெனியர்ங்கிறது நூல் தடிமனோட அளவு) சில்பாலி எடுங்க. ச.மீட்டருக்கு 45 கிராம்னு வெச்சா கூரையும் சுவரும் சேத்து 7 ச.மீ., 315 கிராம். தரைக்கு கொஞ்சம் கெட்டித் துணி, ச.மீட்டருக்கு 60 கிராம், ஓரத்தை 10 செ.மீ. தொட்டி மாதிரி மேல மடிச்சா ஒரு 215 கிராம். அதுக்கு மேல ஸிப், கயிறு, குச்சி, பெக் (தரைல அடிக்கிற முளை) எல்லாம் சேத்தும் ஒரு கிலோவுக்குள்ள முடிக்கலாம், ட்ரெக்கிங் போல் எடை இதுல சேராது.

வெட்டும்போது நேர் நூல் (துணில நேரா ஓடற இழை) எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க. இழுவை எந்தத் திசைல வருதோ அந்தத் திசைல நேர் நூல் இருக்கணும், கிராஸ்ல வெட்டின ஓரம் இழுத்தா ரப்பர் மாதிரி நீளும். கயிறு இழுக்கற நீளமான ஓரங்களை நேர்கோடா வெட்டாம உள்வாங்கி லேசா வளைச்சு வெட்டினா நடுவுல தொங்காது, 250 செ.மீ. நீளத்துக்கு 6, 7 செ.மீ. ஆழம் போதும். ஆனா இந்த வளைவு தலைக்கு மேல இருக்கற இடத்தையும் கொஞ்சம் தின்னும், அதனால முகட்டுல கம்மியா, கீழ் ஓரத்துல தாராளமா வையுங்க.

தையலுக்கு பாலியெஸ்டர் நூல், சன்ன ஊசி. குண்டூசி குத்தாதீங்க, குத்தின ஓட்டை எல்லாம் ஒழுகும், கிளிப் போட்டுப் பிடிச்சுக்கங்க. ரெண்டு ஓரத்தையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மடிச்சு ரெண்டு வரி தைக்கிற தையல், ஜீன்ஸ் பேன்ட் காலோட உள்பக்கத் தையல் அதே தான், அது தான் வேணும். அதுக்கு ஓரத்துல 12 மி.மீ. விட்டு வெட்டுங்க. கயிறு கட்டற இடம், ஐலெட் அடிக்கிற இடம் எல்லாத்துலயும் அடில ஒரு துண்டு கூடுதலா வெச்சுத் தைக்கணும்.

சீக்கிரமா மாட்டணும்னா உதிரியா இருக்கற பாகத்தைக் குறைங்க. மூலைல இருக்கற நாலு குட்டிக் குச்சியையும் துணிலயே பை தச்சு உள்ள போட்டு வாயை மூடிடுங்க, அப்படியே சுருட்டிக்கலாம், தனியா மாட்டற வேலையே இல்ல. குறுக்குக் குச்சி 9 மி.மீ. அலுமினிய டென்ட் போல், 30 செ.மீ.யா ரெண்டு துண்டு, நடுவுல எலாஸ்டிக். கார்பன் இன்னும் லேசு தான், ஆனா முனைல நசுங்கிப் பிளக்கும், பிளந்தா துணியையும் கிழிக்கும். மூலைக்கு ஒரு பெக் போதும்: குட்டிக் குச்சி தலைல இருந்து ஒரு கயிறு, தரை மூலைல இருந்து ஒரு கயிறு, ரெண்டும் சேந்து ஒரே பெக்குக்கு வரணும். நாலு மூலைக்கு நாலு, வளைவோட பக்கக் கயிறுக்கு ரெண்டு, மொத்தம் ஆறே பெக். தரை நேர் செவ்வகமா இருக்கறதால கோணம் பாத்து யோசிக்க வேண்டியதில்ல. நாலு மூலையை அடிச்சிட்டு, குறுக்குக் குச்சியைப் பைல தள்ளி, போல் ரெண்டையும் உள்ள நிறுத்தி, பக்கக் கயிறை இழுத்தா டென்ட் நின்னுடும். போல்ல 115 வர்ற இடத்துல ஒரு கலர் டேப் சுத்தி வைங்க, இருட்டுல உதவும்.

கதவு போலுக்குக் கால் மாட்டுப் பக்கம் வரணும், ஸிப் போல் ஓரமாவே நேரா போகட்டும், வளைஞ்ச ஸிப் சீக்கிரம் மக்கர் பண்ணும். உக்கார்ற இடம் அங்கயே இருக்கறதால உக்காந்தபடியே காலை வெளிய போட்டு ஷூ மாட்டலாம். ஒத்தை லேயர்ல மூச்சுக்காத்து ஈரம் துணில படியத்தான் செய்யும், அதனால தலை மாட்டு நேர்ச் சுவர்லயும் கால் மாட்டுலயும் மெஷ் வெச்சு மேல துணியை ஒரு 15 செ.மீ. நீட்டி விடுங்க. காத்து அதிகமான இடத்துல கால் மாட்டைக் காத்துக்கு எதிரா வெச்சு அடிங்க, அந்தப் பக்கம் தான் தாழ்வு. காத்து வேகம் ரெண்டு மடங்கானா அது தள்ற விசை நாலு மடங்கு, நேர்ச் சுவர் அதிகம் வெச்ச டென்ட்டுக்கு இது பெரிய விஷயம், திறந்த மலை முகட்டுல போடறதுக்கு இந்த டிசைன் இல்ல.

கடைசி வேலை தையலை அடைக்கிறது. சிலிக்கான் பூசின துணில சிலிக்கான் தான் ஒட்டும், வேற எந்த கம்மும் உரிஞ்சு வந்துடும். சிலிக்கான் சீலன்ட்டை மினரல் ஸ்பிரிட்ல (பெயின்ட் கரைக்கிற திரவம்) தண்ணியாக் கரைச்சு, டென்ட்டை இறுக்கமா நிறுத்தி வெச்சு, வெளிப்பக்கமா பிரஷ்ல தடவி ஒரு நாள் அப்படியே காய விடுங்க. காஞ்சப்புறமும் பிசுபிசுன்னு இருந்தா மேல கொஞ்சம் பவுடர் தூவிட்டு மடிங்க. அப்புறம் ஹோஸ் பைப்ல ஒரு பத்து நிமிஷம் தண்ணி அடிச்சு, உள்ள டார்ச்சோட உக்காந்து ஒவ்வொரு தையலா தடவிப் பாருங்க, முக்கியமா முகட்டு ஐலெட் ரெண்டையும், ஒழுகினா பெரும்பாலும் அங்க தான் ஒழுகும்.