பிள்ளைக்குத் துணையாக வெளிநாடு போகும் பெற்றோர் அங்கே வேலை பார்க்கலாமா? கணக்குப் போடும்போது செய்கிற தவறுகள்

கோட்டையூரில் தெரிந்தவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டின் இரண்டாம் கட்டில், அதாவது சமையல் பகுதியில், தேன்குழல் வெந்துகொண்டிருந்தது. வளவில் (உள்முற்றத்தில்) ஒரு நீள நோட்டு விரித்துக் கிடந்தது. பையன் ஏழாம் வகுப்பு. அடுத்த வருஷம் மெல்போர்னில் சேர்க்கப்போகிறார்கள், துணைக்கு அம்மா போகிறார். கல்யாணமான பெண்ணை எங்கள் பக்கம் ஆச்சி என்போம். நோட்டில் ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் செலவு, எல்லாம் சுத்தமாக எழுதியிருந்தது. வரவில் மூன்றாவது வரி: ‘ஆச்சி வேலை, மாதம் 2,000 டாலர்.’

“இது என்ன வேலை ஆச்சி?” என்று கேட்டேன்.

“அங்க போய்ப் பார்த்துக்கலாம் தம்பி. அவ்வளவு பெரிய ஊர்ல ஒரு வேலை கிடைக்காமலா போயிரும்?”

வேலை கிடைக்கும், அதில் சந்தேகமில்லை. பார்க்க அனுமதி உண்டா என்பதுதான் கேள்வி. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று எங்கே போனாலும் இந்த ஒரு வரியில்தான் குடும்பங்கள் சறுக்குகின்றன.

நம் செட்டிநாட்டுப் பக்கத்துக்குக் கடல் தாண்டுவது புதிதில்லை. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சைகோனுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் ஆண்கள். ஆச்சிமார் ஊரில் இருந்து வீட்டைப் பார்த்துக்கொண்டார்கள். இப்போது அது தலைகீழாகிவிட்டது. அப்பா கடையையும் வாடகையையும் பார்த்துக்கொண்டு ஊரில் இருக்கிறார், அம்மா பிள்ளையோடு விமானம் ஏறுகிறார். ஒரே ஒரு வித்தியாசம். அந்தக் காலத்தில் அங்கிருந்த கடைக்கு ஏஜெண்டாகப் போனவர் என்ன வேலை, எத்தனை வருஷம், என்ன சம்பளம் என்று எழுத்தில் முடித்துக்கொண்டுதான் கப்பல் ஏறினார். நாம் அதைக் கேட்காமலே கிளம்பிவிடுகிறோம்.

துணை விசாவை வேலை விசா என்று நினைப்பது

பெற்றோருக்கு இந்த விசாவைக் கொடுப்பதே பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்குத்தான். அதனால் பெரும்பாலான நாடுகள் சம்பாதிக்கும் கதவை முதலிலேயே சாத்திவிடுகின்றன.

ஆஸ்திரேலியாவில் இதற்குப் பெயர் மாணவர் காப்பாளர் விசா, எண் 590. இதில் 8101 என்று ஒரு நிபந்தனை இருக்கும். வேலை கூடாது என்பதுதான் அதன் பொருள். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் பார்க்கலாம் என்ற சலுகை கிடையாது. மாணவர் விசாக்காரர்கள் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்று கேள்விப்பட்டுவிட்டு, அது காப்பாளருக்கும் பொருந்தும் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். பொருந்தாது.

பிரிட்டனில் இன்னும் கெடுபிடி. அந்த விசா, கட்டணம் வாங்கும் தனியார் பள்ளியில் படிக்கிற 4 முதல் 11 வயது வரையான பிள்ளையின் பெற்றோரில் ஒருவருக்கு மட்டும். சம்பள வேலை, சுயதொழில் இரண்டுமே கூடாது. பிள்ளைக்கு 12 வயது ஆனதும் விசா முடிந்தது. கோட்டையூர்ப் பையனுக்கு ஏற்கெனவே 12 முடிந்துவிட்டதால் அந்தப் பேச்சுக்கே அங்கே இடமில்லை.

அமெரிக்காவில் மாணவரின் பெற்றோருக்கென்று தனி விசாவே கிடையாது. எஃப்-2 இருக்கிறதே என்பார்கள். அது மாணவரின் கணவன், மனைவி, குழந்தைகளுக்கானது. அம்மா அப்பா அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். சுற்றுலா விசாவில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், வேலை பார்க்க முடியாது. கனடாவிலும் பெற்றோர் பார்வையாளராகத்தான் இருக்க வேண்டும்.

கொஞ்சமாவது கதவு திறக்கிற இடங்கள் இரண்டு. நியூசிலாந்தில் காப்பாளராகப் போனவர், விசா நிபந்தனையை மாற்றித் தரும்படி தனியாக விண்ணப்பித்துப் பகுதிநேர வேலைக்கு அனுமதி கேட்கலாம். அனுமதி கிடைத்தாலும் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9.30 முதல் மதியம் 2.30 வரைக்குள்தான். பிள்ளை பள்ளியில் இருக்கிற நேரம்! எனக்கு இந்த விதி பிடித்திருக்கிறது. எதற்காக விசா கொடுத்தார்கள் என்பதை அந்த ஐந்து மணி நேரமே சொல்லிவிடுகிறது. இன்னொன்று சிங்கப்பூர். மாணவர் அனுமதியில் படிக்கும் பிள்ளைக்குத் துணையாக அம்மாவோ பாட்டியோ நீண்டகால அனுமதி கேட்கலாம். அப்பாவுக்கு இந்த வழி இல்லை. முதல் வருஷம் வேலை பார்க்கக் கூடாது. அதற்குப் பிறகும் தானாக உரிமை வந்துவிடாது, முதலாளி மூலம் தனி அனுமதி வாங்க வேண்டும். ‘ஒரு வருஷம் ஆனால் வேலை பார்க்கலாமாம்’ என்று நம் ஊரில் பாதி வாக்கியம்தான் பரவியிருக்கிறது.

சம்பளம் வாங்கினால்தான் வேலை என்று நினைப்பது

இதில்தான் நல்ல குடும்பங்களே மாட்டிக்கொள்கின்றன. ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணமே இருக்காது.

ஒரு ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கைப்பக்குவம் அப்படி, அவர் சுற்றுகிற கைமுறுக்கில் ஒரு வரிசை கோணாது. பிள்ளையோடு போன ஊரில் தீபாவளிக்கு அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு சீப்புச் சீடையும் மனகோலமும் கொடுத்தார். சாப்பிட்டவர்கள் கேட்டார்கள். அடுத்த மாதம் வாட்ஸ்அப் குழுவில் ‘ஆர்டர் எடுக்கப்படும், கிலோ இவ்வளவு’ என்று போட்டுவிட்டார்கள். வாங்கியது மாவுக்கும் எண்ணெய்க்கும் ஆன காசுக்கு மேல் சொற்பம்தான். ஆனால் விலை சொல்லி, ஆர்டர் எடுத்து, வாராவாரம் செய்தால் அது வியாபாரம். வீட்டு அடுப்பில் செய்தாலும் வியாபாரம்தான். போதாக்குறைக்கு, ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு உணவு செய்தால் அந்தப் பகுதி கவுன்சிலிலும் பதிய வேண்டும். அவருடைய நல்ல நேரம், குழுவில் இருந்த ஒருவர் எடுத்துச் சொல்ல, அன்றைக்கே நிறுத்திவிட்டார். எழுதிப் போட்ட செய்தி மட்டும் எத்தனை பேர் போனில் இருக்கிறதோ!

சம்பளமே வாங்காவிட்டால்? ஆஸ்திரேலியச் சட்டம் ‘வேலை’ என்பதை ‘வழக்கமாக ஊதியம் கிடைக்கக்கூடிய செயல்’ என்று வரையறுக்கிறது. ‘வழக்கமாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்களுக்குக் காசு கொடுத்தார்களா என்பதல்ல, அந்தச் செயலுக்கு வழக்கமாகக் காசு உண்டா என்பதுதான் கேள்வி. சொந்தக்காரர் ஹோட்டலில் ‘சும்மா ஒத்தாசைக்கு’ கல்லாவில் உட்கார்ந்தால் அது வேலை. சம்பளத்துக்குப் பதில் வாடகையில்லாமல் ஒரு அறை கொடுத்தாலும் அப்படியே. கோயிலில் அன்னதானத்தன்று நாலு பேரோடு காய் நறுக்குவதை யாரும் தப்பென்று சொல்லப்போவதில்லை. சம்பள ஆள் நிற்கவேண்டிய மடைப்பள்ளியில் தினமும் நீங்கள் நின்றால் கதை வேறு.

ஒத்தாசைக்குக் கூப்பிடுகிற சொந்தக்காரருக்கும் இதில் ஆபத்து உண்டு. பிரிட்டனில் அனுமதியில்லாதவரை வேலைக்கு வைத்தால், 2024 பிப்ரவரியிலிருந்து, ஓர் ஆளுக்கு 45,000 பவுண்டு வரை முதலாளிக்கு அபராதம். திரும்ப நடந்தால் 60,000 வரை. ஒரு சின்ன ஹோட்டலை மூட அது போதும். பிறகு பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் எப்படி முகம் கொடுப்பது?

சரி, இங்கிருந்து வருகிற பணம்? காரைக்குடிக் கடை வாடகை, வைப்புத்தொகை வட்டி, பங்கு ஈவு இதெல்லாம் வேலை இல்லை. கவலையில்லாமல் வாங்கலாம். ஊரில் இருக்கும் கம்பெனிக்கு லேப்டாப்பில் வேலை பார்ப்பது நாட்டுக்கு நாடு மாறும். வெளிநாட்டு முதலாளிக்குத் தூரத்திலிருந்து வேலை பார்க்கிறவர் பார்வையாளராக ஆறு மாதம் வரை இருக்கலாம் என்று கனடா வெளிப்படையாகவே சொல்கிறது. அதை மற்ற நாடுகளுக்கும் நீட்டிக்கொள்ளாதீர்கள். காப்பாளர் விசாவில் இருந்துகொண்டு ஆன்லைன் டியூஷன் எடுக்கலாமா, கணவர் கடைக் கணக்கை எழுதலாமா என்பதைக் கிளம்புவதற்கு முன்பே பதிவுபெற்ற குடியேற்ற ஆலோசகரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்பது

ஒரு காலத்தில் இது ஓரளவு நடந்தது. பார்வையாளராகக் கனடா போனவர் அங்கிருந்தபடியே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க ஒரு தற்காலிகச் சலுகை இருந்தது. 2024 ஆகஸ்ட் 28 அன்று அதை நிறுத்திவிட்டார்கள். ஆஸ்திரேலியாவும் 2024 ஜூலை 1 முதல், சுற்றுலா விசாவில் உள்ளே இருப்பவர் அங்கிருந்தே மாணவர் விசா கேட்க முடியாதபடி செய்துவிட்டது. ஐந்து வருஷத்துக்கு முன் போன மச்சினர் சொல்கிற அனுபவம் உண்மையாகவே இருக்கும். ஆனால் அது ஐந்து வருஷத்துக்கு முந்தைய உண்மை.

அடுத்த யோசனை, அம்மாவே மாணவியாகப் போவது. உண்மையாகவே படிக்க ஆசையும் பணமும் இருந்தால் நல்ல வழி. கனடாவில் தகுதியுள்ள மாணவர் படிப்புக் காலத்தில் வாரம் 24 மணி நேரம் வெளியில் வேலை பார்க்கலாம். ஆனால் பிரிட்டனில் 2024 ஜனவரியிலிருந்து, ஆராய்ச்சிப் படிப்பு போன்ற சிலவற்றைத் தவிர, மாணவரோடு குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது, எம்.எஸ்சி. சேர்ந்தால் பிள்ளையை ஊரில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எதற்காகக் கிளம்பினோமோ அதுவே போயிற்று. வேலைக்காகப் பெயருக்கு ஒரு கோர்ஸில் சேருவதும் கூடாது. பி.காம். முடித்துப் பதினைந்து வருஷம் ஆனவர் திடீரென்று ஆறு மாத சான்றிதழ்ப் படிப்புக்கு ஏன் வருகிறார் என்று விசா அதிகாரி கேட்பார். பதில் வேண்டும்.

குடும்பம் அங்கே சம்பாதித்துத்தான் ஆக வேண்டும் என்றால் வரிசையை மாற்றுங்கள். பிள்ளை படிப்பைப் பிடித்துக்கொண்டு அம்மாவோ அப்பாவோ போவதை விட்டுவிட்டு, அம்மா அல்லது அப்பாவின் வேலையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை போகட்டும். துபாயில் நம் ஆட்கள் காலங்காலமாகச் செய்வது இதுதான்: முதலில் வேலை, குடியிருப்பு விசா, பிறகு குடும்பம், பள்ளி. மாதம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் இருந்தால் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். சிங்கப்பூரில் அந்த அளவு மாதம் 6,000 சிங்கப்பூர் டாலர். இங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. பிரிட்டனில் முதியோர் பராமரிப்பு வேலை என்று லட்சக்கணக்கில் பணம் வாங்கினார்கள். அந்த வேலைக்குப் போகிறவர் குடும்பத்தை அழைப்பதை 2024 மார்ச்சில் தடுத்தார்கள். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். இன்னமும் யாராவது அதைச் சொல்லி முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏஜெண்டைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளியில் இடம் வாங்கித் தருகிற கன்சல்டன்சியும், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சியும் ஒன்றல்ல. இரண்டாவது வகை மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அரசின் இமைக்ரேட் (eMigrate) இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். ‘ஸ்கூல் அட்மிஷனோடு அம்மாவுக்கு வேலையும் சேர்த்து’ என்று பேக்கேஜ் பேசுகிறவரிடம், எந்த விசா, என்ன நிபந்தனை எண் என்று கேளுங்கள். பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும்.

ஊர்ப் பக்கம் மறந்துவிடுவது

மெல்போர்ன் போகிறவர் வேலையைத் தவிர இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 590 விசாவில் இருப்பவர், பிள்ளையை அங்கே விட்டுவிட்டு நினைத்தபோது ஊருக்கு வர முடியாது. தக்க காரணமும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒப்புதல் பெற்ற மாற்று ஏற்பாடும் வேண்டும். அப்பச்சிக்கு அறுபதாம் கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படையல்), பங்காளி வீட்டு விசேஷம் என்று எதற்கும் நினைத்தவுடன் டிக்கெட் போட முடியாது. வேலை பார்த்து மாட்டி அம்மாவின் விசா ரத்தானால், 18 வயதுக்குள் இருக்கும் பிள்ளையின் தங்கும் ஏற்பாடும் சேர்ந்து ஆட்டம் காணும். படிப்பு நடுவில் நிற்கும்.

ஊரில் இருக்கிற வேலையை அவசரப்பட்டு ராஜினாமா செய்வதையும் பார்க்கிறேன். சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். அரசு வேலையென்றால் வெளிநாடு போகவே துறை அனுமதி தேவை.

கோட்டையூர் நோட்டுக்கு வருகிறேன். மூன்றாவது வரியை ஆச்சியே அடித்தார். மாணவர், காப்பாளர் ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு 29,710 ஆஸ்திரேலிய டாலர் வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டும் என்று ஆஸ்திரேலியா 2024 மே மாதம் வைத்த அளவைச் செலவுப் பக்கம் எழுதினோம். பள்ளிக் கட்டணம், காப்பீடு, விமானம் எல்லாம் போட்டுக் கூட்டினால், கையிருப்பு இரண்டே கால் வருஷத்துக்கு வந்தது. பையன் பள்ளி முடிக்க இன்னும் ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிறது.

ஆச்சி கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “பத்தாவது இங்கயே முடிக்கட்டும். கடைசி ரெண்டு வருஷத்துக்குப் போவோம்” என்றார். அப்புறம் தேன்குழல் கருகுகிறது என்று இரண்டாம் கட்டுக்கு ஓடினார்.